பேர், ஊர், ரத்தம்

மயில்சாமி அண்ணன் இறந்துபோன செய்தி வந்தபோது நான் கோவிந்தாபுரத்தில் என் உரக்கடையில் யூரியா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மாந்தோப்பில் வேலை செய்கிற ஆறுச்சாமி சைக்கிளைக் கடை வாசலில் சாய்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். துண்டு கக்கத்துக்குப் போனதுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "பெரியவரு போயிட்டாருங்க. காலம்பொற, ஆஸ்பத்திரியிலயே" என்றார். மீதி மூட்டைகளை மறுநாள் இறக்கலாம் என்று லாரிக்காரரை அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினேன். துக்கமா கோபமா என்று கேட்டால் இரண்டும்தான். வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத ஒரு மனிதருக்காக நான் அழுததை என் மனைவி தெய்வானை மட்டும் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து, சங்கத்தின் துணைத்தலைவர் சுந்தரம் மாஸ்டர் வீடு தேடி வந்தார். சங்க மலருக்கு அஞ்சலி எழுதித் தர வேண்டுமாம். "நீங்கதானுங்க அவருக்குச் செயலாளரா இருந்தவரு. நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார். எழுதுகிறேன் என்றேன். நல்லதையும் எழுதுகிறேன், நடந்ததையும் எழுதுகிறேன். வாசிக்கப்போகிற நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். அதனால் எதையும் ஊதிப் பெருக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

முதலமடையில் நம் சேவா சங்கத்தை அவர் தொடங்கியபோது நமக்கெல்லாம் சேவை என்றால் கோயில் திருவிழாவில் பந்தி பரிமாறுவதுதான். மாங்காய்ப் பருவத்தில் லாரிகள் நிற்கும் முக்கில் மோர்ப்பந்தல் போட்டவர் அவர். ஏரி தூர் வாரும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கூடை சேற்றைச் சுமந்தவரும் அவர்தான். கண் சிகிச்சை முகாமுக்குக் கோயம்புத்தூரிலிருந்து டாக்டர்களை வரவழைத்து, பள்ளிக்கூட பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கிழவர்களைப் படுக்கவைத்தார். கட்டு அவிழ்த்த அன்று ஒரு கிழவர் அவர் முகத்தைத் தடவிப் பார்த்து, "ஏஞ்சாமி, நீ இத்தன கருப்பா?" என்று கேட்டார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அண்ணன்தான். இதெல்லாம் உண்மை. இதில் ஒரு சொல்கூட நான் குறைக்க மாட்டேன்.

ஒருமுறை ஒரு மாமரமேறி கீழே விழுந்து, ரத்தம் கிடைக்காமல் பாலக்காட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உயிர் விட்டார். அடுத்த கூட்டத்தில் அண்ணன் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். மற்ற சங்கங்களில் எழுந்து நின்று பேரும் தொழிலும் சொல்வார்கள். நம் சங்கத்தில் பேர், ஊர், ரத்தம். "தொழில் என்னத்துக்குப்பா? பண்டம் வாங்கவா வந்திருக்கறோம்? ஒருத்தன் ரத்தம் ஒருத்தனுக்குத் தெரியோணும்" என்றார். எல்லோரும் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தோம். வரிசையாக எழுந்து நின்று சொன்னோம். "நாச்சிமுத்து, கோவிந்தாபுரம், பி பாசிட்டிவ்." அவர் முறை வந்தது. "மயில்சாமி, முதலமடை, ஓ நெகட்டிவ்" என்றார். மாஸ்டர் எழுந்து, அது மிக அபூர்வமான ரத்தம் என்று விளக்கினார். கூடம் முழுக்கக் கை தட்டியது. தலைவர் என்றால் ரத்தத்திலும் தலைவர் என்று நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம்.

ரத்ததானத்துக்கு ஆள் சேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பாலக்காட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் இரண்டு பேரைப் பிடித்துவிடுவார். கண்டக்டர் ஹம்சாவைக்கூட அவர் விடவில்லை. "டிக்கெட் கிழிக்கற கைதானே, ஒரு சொட்டுக் குடுத்துப் பாரு. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று தினமும் நச்சரித்து, கடைசியில் அந்த மனிதரைச் சோதனைக்கு இழுத்துக்கொண்டு போனார். "ரத்தம் கெணத்துத் தண்ணி மாதிரி, எறைக்க எறைக்கத்தான் ஊறும்" என்பது அவர் அடிக்கடி சொன்னது. கொடுத்தவர்களுக்கெல்லாம் அவர் தோட்டத்து மாம்பழம். ஊசி குத்தும்போது பக்கத்திலேயே நின்று அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார். ஆனால் முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருப்பார். ஏதோ சாமியை நினைத்துக்கொள்கிறார் என்றுதான் நான் எண்ணினேன். காலரா ஊசி முகாமில் அவர் எப்போதும் வரிசையில் கடைசியாக நிற்பார். அவர் முறை வருவதற்குள் மருந்து தீர்ந்துவிடும். அதையும் தியாகம் என்று மேடையில் பேசிய மடையன் நான்தான்.

இனி என் வீட்டுக் கதை. தெய்வானைக்கு முதல் பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் என்று அப்போதுதான் டாக்டரம்மா சொன்னார். அடுத்த பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டால் அதே ரத்தம்தான் ஏற்ற வேண்டும், வேறு எதுவும் அவள் உடம்புக்கு ஆகாது, இப்போதே ஆள் பார்த்து வையுங்கள் என்றும் சொல்லியிருந்தார். அவள் மறுபடி உண்டானபோது இந்தப் பயத்திலேயே சோறு இறங்காமல் கிடந்தாள். அண்ணன் காதுக்கு விஷயம் போயிற்று. மறுநாளே வீட்டுக்கு வந்தார். "ஏனம்மணி பயப்படறே? உன்ற ரத்தமும் என்ற ரத்தமும் ஒண்ணு. கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கறான்னு நெனச்சுக்க" என்றார். அவளுக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. வளைகாப்புக் கட்டுச்சோறு விருந்துக்கு அண்ணன் முறையில் அவரே வளையல் கொண்டுவந்தார். பிறக்கப்போகிற குழந்தைக்குத் தாய்மாமன் நான்தான் என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் சொன்னார். தெய்வானை அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டாள். நானும் வேறு ஆள் தேடுவதை விட்டேன். எதற்குத் தேட வேண்டும்?

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, விடிந்து கொஞ்ச நேரத்தில். குழந்தைக்கு ஒன்றுமில்லை. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, "ஆள் உண்டா?" என்று கேட்டார். "இருக்காருங்க. எங்க தலைவரே இருக்காரு. இதோ கூட்டிட்டு வந்தர்றேன்" என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. என் தைரியத்தைப் பார்த்து டாக்டரம்மாவும் வேறு ஆள் தேடாமல் இருந்துவிட்டார். டாக்சி பிடித்து முதலமடைக்கு ஓடினேன்.

அவர் மனைவி சரசக்கா வாசலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவரு பொள்ளாச்சி மாங்காமண்டிக்குப் போயிட்டாருங்களே தம்பி" என்றார். அண்ணனின் செருப்பு வாசலில்தான் கிடந்தது. பார்த்தேன். ஆனால் சந்தேகப்படத் தோன்றவில்லை. ஒருவரிடம் ஒரு ஜோடிச் செருப்பா இருக்கும்? டாக்சியைப் பொள்ளாச்சிக்கு விட்டேன். மண்டியில் கடை கடையாகக் கேட்டேன். "அவரு இந்த வாரம் இந்தப் பக்கமே வல்லீங்களே" என்றார்கள். திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. சரசக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்பதற்குள் அழ ஆரம்பித்தார். கையைத் தூக்கித் தோட்டத்து மோட்டார் ரூமைக் காட்டினார்.

உள்ளே மோட்டார் ஓடவில்லை. கவிழ்த்துப் போட்ட மாங்காய்க் கூடை மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, கெளம்புங்க. டாக்சி நிக்குது."

"நான் வந்து பிரயோசனமில்ல, நாச்சிமுத்து."

"ஏனுங்?"

"என்ற ரத்தம் அது இல்ல."

"பின்ன எதுங்?"

"தெரியாது. நான் பாத்துக்கிட்டதே இல்ல."

அவர் தலையைக் குனிந்தபடி பேசினார். "ஊசின்னா எனக்குச் சின்னதுலருந்தே ஆகாது. ஊரையே கூப்பிடற ஆளு, நானே போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? அதனால யாருக்கும் லேசுல இல்லாத ரத்தம் எதுன்னு ஒரு கம்பவுண்டரக் கேட்டேன். அவன் சொன்னதையே நானும் சொல்லிப்போட்டேன். அதே ரத்தம் வேணும்னு எவனும் கூப்பிட மாட்டான்னு நெனச்சேன்."

"காலையிலயே அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லீங்? பொள்ளாச்சிக்கு என்னத்துக்குங்க என்னை ஓட உட்டீங்க?"

"அதுக்குள்ள வேற யாராச்சும் கெடச்சிருவாங்கன்னு..."

அவர் முடிக்கவில்லை. நானும் கேட்க நிற்கவில்லை. அவரை அடித்திருப்பேன். கை ஓங்கவில்லையே என்று இன்றும் சில நாள் வருத்தமாக இருக்கிறது. பயந்தவரை மன்னிக்கலாம். நம்பி வந்தவனைப் பொள்ளாச்சிக்கு அனுப்பிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தவரை எப்படி மன்னிப்பது? பாலக்காட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தெய்வானையிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. சொல்வதற்கு அவள் இருப்பாளா என்றுதான் யோசித்தேன்.

இருந்தாள். காத்துக் காத்துப் பார்த்த டாக்டரம்மா, முன்பு நம் முகாமில் ரத்தம் கொடுத்த ஓ நெகட்டிவ்காரர் ஒருவர் நர்ஸுக்கு ஞாபகம் வரவே, பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் விட்டிருந்தார். நான் போனபோது வராந்தா பெஞ்சில் காக்கிச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்டக்டர் ஹம்சா உட்கார்ந்திருந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு. உள்ளே பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "பேடிக்கேண்டா சாரே, பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்க தலைவர் அல்லே என்னெப் பிடிச்சுக் கொண்டுபோய் டெஸ்ட் செய்ய வெச்சது. அவரில்லேன்னா எனக்கு என்ன ரத்தம்னே தெரியாது. அவர் நல்ல மனுஷன், சாரே" என்றார். நான் பாட்டிலைப் பார்க்க உள்ளே போனேன்.

தெய்வானை பிழைத்தாள். ஆனால் அடுத்த மாம்பூ பூக்கும்வரை அவளால் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. குழந்தையை என் சொந்த அண்ணன் மனைவி தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்து வளர்த்தார். இனி இன்னொரு குழந்தை வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இதெல்லாம் அந்த ஒரு பகலால் வந்தது.

நடந்ததை நான் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கமிட்டியில் இருந்த சிலரிடம் சொன்னார். எல்லோருமாக என் கடைக்கு வந்தார்கள். "உங்க ஆத்திரம் நாயந்தானுங்க. ஆனா இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் ரத்தம் குடுப்பான்? சங்கமே போயிருமுங்களே" என்றார் மாஸ்டர். ஹம்சாவின் முழங்கையில் இருந்த பஞ்சு எனக்கு ஞாபகம் வந்தது. சரி, நான் சொல்லவில்லை, அவரே எழுந்து சொல்லட்டும் என்றேன். சொல்லவைக்கிறோம் என்றார்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். பேர், ஊர், ரத்தம் தொடங்கியது. ஒவ்வொருவராக எழுந்து சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவர் முறை வந்தது. எழுந்து நின்றார். ஒருமுறை என்னைப் பார்த்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன் என்று நான் நாற்காலி விளிம்புக்கே வந்திருந்தேன். "மயில்சாமி, முதலமடை, ஓ நெகட்டிவ்" என்றார்.

கை தட்டினீர்கள். தெரியாதவர்களை நான் குறை சொல்லவில்லை. தெரிந்தவர்களும் தட்டினீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மோட்டார் ரூமில் அவர் என்னைக் கைவிட்டார். அந்தக் கூடத்தில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து கைவிட்டீர்கள். என் பெண்டாட்டி உயிரைவிட சங்கத்தின் பேர் பெரிதாகப் போயிற்று. அன்றோடு செயலாளர் பொறுப்பை விட்டேன். கூட்டத்துக்கு வருவதையும் ரத்தம் கொடுப்பதையும் விடவில்லை. அவரோடு பேசுவதை மட்டும் விட்டேன்.

பருவம் தவறாமல் அவர் மாம்பழக் கூடை அனுப்புவார். நான் தொடமாட்டேன். தெய்வானை அரிந்து எடுத்துக்கொண்டு வந்து என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். "மாம்பழம் உங்களை என்னங்க பண்ணுச்சு? பாவம், பயந்த மனுசன், உடுங்க" என்பாள். சாகக் கிடந்தவள் அவள். அவளால் விட முடிந்தது. என்னால் முடியவில்லை. குழந்தைக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடிக்கு ஹம்சாவைத்தான் உட்காரவைத்தோம். ஊரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அண்ணனுக்கு நான் அழைப்புச் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்துக்கு எதிர்ச் சாரியில் அவர் கார் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர் இறங்கவில்லை.

போன வாரம் அவருக்கு வயிற்றுப்புண் உடைந்து ரத்தமாக வாந்தி எடுத்தார். அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. சங்கமே அங்கே திரண்டிருந்தது. ஓ நெகட்டிவ் வேண்டுமே என்று சிலர் ஹம்சாவைத் தேடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள். நர்ஸ் வெளியே வந்து, "பி பாசிட்டிவ் ஆரெல்லாம்?" என்று கேட்டார்.

"சிஸ்டர், அவரு ஓ நெகட்டிவ்ங்க" என்றார் புதிதாகச் சேர்ந்த ஓர் உறுப்பினர்.

"ரெண்டு தடவெ நோக்கியாச்சு. பி பாசிட்டிவ் தன்னே."

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரோ மெல்ல, "மிஷின்ல ஏதாச்சும் கோளாறா இருக்குமுங்க" என்றார். சாகக் கிடக்கிறார், ரத்தமே உண்மையைச் சொல்லிவிட்டது, அப்போதும் பூசி மெழுகுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனேன். பெருந்தன்மை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். நம்பினவரை எப்படி நடத்த வேண்டும் என்று அவருக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

கொடுத்து முடித்ததும் அவர் கட்டிலுக்குப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். கையில் ஊசி ஏறியிருந்தது. வாழ்நாள் முழுக்க எதற்குப் பயந்து ஓடினாரோ அது கடைசியில் அவரைப் பிடித்துவிட்டது. என்னைப் பார்த்தார். பிறகு என் முழங்கையில் இருந்த பஞ்சைப் பார்த்தார். இந்த முறை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பவில்லை.

"வலிச்சுதா, நாச்சிமுத்து?" என்று கேட்டார்.

எத்தனையோ பேரை அனுப்பிவைத்த மனிதர். ரத்தம் கொடுத்தால் வலிக்குமா வலிக்காதா என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

"எறும்பு கடிச்ச மாதிரிங்ணா" என்றேன்.

அவர் கண்ணோரம் நனைந்தது. என் கையைப் பிடிக்கத் தன் கையை நகர்த்தினார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் நடந்த கடைசிப் பேச்சு அதுதான்.

இரங்கல் கூட்டத்திலும் பேர், ஊர், ரத்தம் சொன்னோம். அவர் முறை வந்தது. அந்த நாற்காலி காலியாக இருந்தது. மாஸ்டர் எழுந்து தழுதழுத்த குரலில், "மயில்சாமி, முதலமடை, ஓ நெகட்டிவ்" என்று அவருக்காகச் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றீர்கள். நானும் நின்றேன். கண்ணீருக்குக் குறைவில்லை. வெட்கத்துக்குத்தான் பஞ்சம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று சொல்லி முடிக்க வேண்டும். மோர்ப்பந்தலும் கண் முகாமும் ஊருக்கு. வளையல் தெய்வானைக்கு. எனக்கு அவர் கொண்டுவந்த அந்த வழக்கம் போதும். எழுந்து நின்று, நாலு பேர் முன்னால், தன்னைப் பற்றி மூன்றே சொல். அதைக் கண்டுபிடித்தவரால் அதில் ஒன்றை உண்மையாகச் சொல்ல முடியவில்லை. நான் சொல்லிக்கொண்டிருப்பேன். போகும்போது அவர் உடம்பில் ஓடியதில் கொஞ்சம் என்னுடையது. அந்த உரிமையில் கேட்கிறேன். மாஸ்டர், இந்த அஞ்சலியை மலரில் போடுவதானால் கடைசி வரியைத் திருத்தாமல் போடுங்கள். திருத்துவதானால் முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மயில்சாமி. முதலமடை. பி பாசிட்டிவ்.